சாமுராய்கிட்ட சொல்லிவிட்ட பேச்சு

கொஞ்சம் நகந்து உக்காரு தாயி. இன்னும் கொஞ்சம். ஜன்னல் உனக்கே இருக்கட்டும், எனக்குக் காலை நீட்டணும், அம்புட்டுதான். இடுப்புல அடி. பஸ்ஸு ஒரு தூக்கு தூக்கிப் போட்டா உசுரு போயிட்டுத் திரும்ப வருது.

எப்படிப் பட்டுச்சுன்னு சொன்னா நம்ப மாட்ட. கேக்குற அம்புட்டு பேரும் "பாத்ரூம்ல வழுக்கிட்டீகளா"ன்னுதான் கேக்குறாக. பாத்ரூம்ல வழுக்கி விழ கோவில்பட்டி போதாதா? நான் ஏரோப்பிளேன் ஏறி ஜப்பானுக்குல்ல போய் விழுந்துட்டு வந்திருக்கேன். அதுவும் எங்க? கோட்டையில. பழைய காலத்து ராசா கட்டுன கோட்டை. சும்மா நாளுலயும் இல்ல, பனி கொட்டுன நாளுல.

சிரிக்கிற பாத்தியா. சிரி, சிரி. காதுல அந்த வயரு இருந்தா இருக்கட்டும், நான் சத்தமாத்தான் பேசுவேன். ஆனா நான் ரொம்பப் பேசுற ஆளு கிடையாது, அதை முதல்லயே சொல்லிருதேன். நாலு வருசமா கட்டுன புருசன்கிட்டயே பேசாம இருந்தவ நான். அப்ப பாத்துக்கோ.

சண்டையா? சண்டையெல்லாம் கிடையாது. எனக்குக் கோவமே வராது, எங்க தெருவுல யாரை வேணா கேளு. பேசுறதில்ல, அம்புட்டுதான். எங்க மகன் செந்தூரு கல்யாணத்துல இருந்து பேசுறதில்ல.

எங்க வீட்டுக்காரவுக கரண்டு ஆபீசுல போர்மேனா இருந்து ரிட்டையரானவுக. நல்ல மனுசன்தான், குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஆனா மைக்கைப் பாத்தா மட்டும் கை அரிக்கும். கல்யாணத்தன்னைக்கு வரவேற்புல மேடை ஏறி மைக்கைப் பிடிச்சாக. நன்றி சொல்றாகளாம். சமையல்காரருக்கு நன்றி. மண்டபத்து மேனேஜருக்கு நன்றி. நாயனக்காரருக்கு நன்றி, தவுலுக்குத் தனியா நன்றி. வெளிய வண்டிகளை ஒழுங்கா நிப்பாட்டுன ஆளுக்கு நன்றி. நான் கீழ முன்னாடியே நிக்கேன். அடுத்து நம்ம பேருதான், சபையில எல்லாரும் திரும்பிப் பாப்பாகன்னு சேலைத் தலைப்பை இழுத்துச் சரி பண்ணிக்கிட்டேன். கும்பிடுறதுக்குக் கையைக்கூடப் பாதி தூக்கிட்டேன் தாயி.

"கடைசியா, லைட்டு போட்ட அழகர்சாமிக்கு நன்றி"ன்னாக. மைக்கைக் குடுத்தாக. இறங்கிட்டாக.

தூக்குன கையை என்ன செய்ய? கொண்டையைச் சரி பண்ற மாதிரி பண்ணிக்கிட்டேன். எங்க தம்பி பொண்டாட்டி பக்கத்துல நின்னா. "என்ன மதினி, லைட்டுக்காரரு பேரு எல்லாம் வருது, உங்க பேரைக் காணுமே"ன்னா. அவளுக்கு அது போதும், ஏழு ஊருக்குச் சொல்லிருவா. பொண்ணு பாத்தவ நான். நிச்சயத்துக்கு அலைஞ்சவ நான். மண்டபத்துல எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்துல நின்னு அதிரசம் சரியா வேகுதான்னு பாத்தவ நான். அழகர்சாமி ரெண்டு சீரியல் செட்டு மாட்டுனான், அதுலயும் ஒண்ணு எரியல.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து வாயை மூடுனவதான். அவுக வாயில இருந்து எனக்குன்னு ஒரு வார்த்தை வரணும், வந்தாத்தான் நான் பேசுவேன்னு மனசுல முடிச்சுப் போட்டுட்டேன். வேற எதுவும் நான் கேக்கல. நகை கேட்டேனா, நட்டு கேட்டேனா? ஒரு வார்த்தை. அவுக நாலஞ்சு நாளு பேசிப் பாத்தாக. "என்னத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க"ன்னு கேட்டாக. என்னத்துக்குன்னு நாமளே சொல்லி வாங்குனா அது நன்றியா தாயி, நீயே சொல்லு? நான் சொல்லல. அப்புறம் அவுகளுக்கும் ரோசம் வந்துருச்சு. "அவளாப் பேசுனாத்தான் இனி பேச்சு"ன்னு பால்கார அக்காகிட்ட சொல்லிவிட்டாக. நானும் "சந்தோசம்"னு அவகிட்டயே சொல்லிவிட்டேன்.

குடும்பம் எப்படி ஓடுச்சுன்னு கேக்குறியா? அதெல்லாம் நல்லாத்தான் ஓடுச்சு. ரசத்துல உப்பு இல்லைன்னா அவுக டிவியில செய்தி வாசிக்கிற பிள்ளையைப் பாத்துக் கேப்பாக, "ஏம்மா, இந்த வீட்ல உப்பு தீந்துபோச்சுன்னு எதுவும் சேதி வந்துச்சா?"ன்னு. நான் அடுப்படியில இருந்து, "உப்பு டப்பா எங்க இருக்குன்னு அந்தப் பிள்ளைக்குத் தெரியும், எடுத்துப் போடச் சொல்லுங்க"ம்பேன். யாரும் இல்லைன்னா பல்லி இருக்கு, சுவரு இருக்கு. ஒரு குறையும் இல்ல.

இந்த லட்சணத்துலதான் செந்தூரு எங்களை ஜப்பானுக்குக் கூப்பிட்டான். அவனுக்கு அங்க கம்ப்யூட்டரு கம்பேனியில வேலை. ஜப்பான்காரக சொல்றதை நம்ம ஆளுகளுக்குச் சொல்லணும், நம்ம ஆளுக சொல்றதை ஜப்பான்காரகளுக்குச் சொல்லணும், நடுவுல நின்னு பேசுறதுதான் வேலை. இதுக்குப் போயா இம்புட்டுச் சம்பளம் குடுக்கான்னு கேட்டேன். "அம்மா, இதே வேலையை வீட்ல சம்பளம் இல்லாமப் பாக்குறேனே, அதையும் யோசிங்க"ன்னான். குத்திக் காட்டுறானாம்.

அந்த ஊரு வீடு இருக்கே, வாசல்ல செருப்பைக் கழட்டுனா அடுப்படி, அடுப்படியில திரும்புனா கட்டில். அதுக்குள்ள நாலு பேரு. மருமக பிரவீணா கெட்டிக்காரி, வந்த மறுநாளே தெரிஞ்சுக்கிட்டா. நான் "ஏம்மா பிரவீணா, மாமாகிட்ட..."ன்னு ஆரம்பிச்சாப் போதும், "அத்தை, ஆபீசுக்கு நேரமாச்சு"ன்னு பையைத் தூக்கிருவா, ஞாயித்துக்கிழமைன்னாலும். பாவம், செந்தூருதான் மாட்டுனான். "அப்பா, அம்மா காபி வேணுமான்னு கேக்குறாக. அம்மா, அப்பா வேணாங்குறாக. அப்பா, ஏன் வேணாம்னு கேக்குறாக." பிள்ளை மெலிஞ்சு போனான்.

இப்படி இருக்கையில ஒரு நாள் காலையில எந்திரிச்சுப் பாத்தா வெளிய ஒரே வெள்ளை. பனின்னா நம்ம மார்கழிப் பனி இல்ல தாயி. பிரிஜ்ஜுல மேல் பொட்டியைச் சொரண்டுனா விழுமே, அது. அது வானத்துல இருந்து சத்தமே இல்லாம விழுது. ஜப்பான்ல வடக்க போனா ஆளுயரம் கொட்டுமாம். செந்தூரு இருக்குற ஊரு தெக்க, வெயில் ஊரு, அங்க பனி விழுந்து பல வருசமாச்சாம். அதனால ஊரே கிறுக்குப் பிடிச்சு ஆடுது. பக்கத்து வீட்டுக்காரரு குப்பை அள்ளுற முறத்தை வச்சு வாசல் பனியை அள்ளுறாரு. பனி அள்ளுற சாமானே அந்த ஊர்ல யாருகிட்டயும் இல்லை. ரயிலும் ஓடல, ஆபீசும் லீவு.

"இந்தப் பனியில கோட்டையைப் பாக்கக் குடுத்து வச்சிருக்கணும், கெளம்புங்க"ன்னு செந்தூரு எங்களை நடத்தியே கூட்டிக்கிட்டுப் போனான். பிரவீணா வரல, தலைவலின்னா. மலை மேல கோட்டை. அடிவாரத்துல டிக்கெட் ரெண்டு வாங்கி என் கையில குடுத்தான். ஏண்டா ரெண்டுதான்னு கேட்டேன்.

"நான் வரலம்மா. இந்தக் காபிக் கடையில இருக்கேன். இன்னைக்கு எனக்கு லீவு. நடுவுல பேசுறதுக்கும் லீவு"ன்னான். சொல்லிட்டு அவுக பக்கம் திரும்பி, "அப்பா, அம்மாவைப் பாத்துக் கூட்டிட்டுப் போங்க"ன்னுட்டு விறுவிறுன்னு போயிட்டான். பெத்த பிள்ளை பண்ற வேலையா இது?

சரின்னு ஏறுனோம். அவுக முன்னால, நான் கொஞ்சம் தள்ளிப் பின்னால. மேல போனா, ஆத்தாடி, என்ன அழகுங்கற! கறுப்புப் பலகைச் சுவரு, அடுக்கடுக்காக் கூரை, ஒவ்வொரு கூரை மேலயும் மெத்தை விரிச்ச மாதிரி பனி. எனக்கு உடனே யார்கிட்டயாவது சொல்லணும் போல இருக்கு. பாத்தா அவுக மட்டும்தான் நிக்குறாக. அவுகளும் வாயைத் திறந்து திறந்து மூடுறாக. சுவத்துகிட்டச் சொல்லலாம்னா சுவரு தூரமா இருக்கு.

அப்பத்தான் அந்த மனுசன் வந்தாரு. சாமுராய். அந்தக் காலத்துப் போர்வீரன் மாதிரி தலையில கொம்பு வச்ச கவசம், இடுப்புல கத்தி, மூஞ்சியில மூக்குக் கண்ணாடி. வேசம்தான், வர்றவுகளோட நின்னு போட்டோ எடுத்துக்கிருவாரு. எங்க அண்ணாச்சி வயசு இருக்கும். எங்களைப் பாத்ததும் இடுப்பு வரைக்கும் குனிஞ்சு கும்பிட்டாரு. கும்பிட்டவரை விடுவோமா?

முதல்ல ஆரம்பிச்சது அவுகதான், நான் இல்ல. சாமுராயைப் பாத்து, பச்சைத் தமிழ்ல, "அய்யா, இந்த அம்மா கால்ல கெடக்குறது வழுக்குற செருப்பு. பாத்து நடக்கச் சொல்லுங்க"ன்னாக.

சாமுராய் "ஹை!"ன்னு ஒரு கும்பிடு போட்டாரு.

நான் சும்மா இருப்பேனா? "அண்ணாச்சி, நான் அறுவது வருசமா நடந்துக்கிட்டுத்தான் இருக்கேன். எனக்கு யாரும் நடை சொல்லித் தர வேணாம்னு சொல்லுங்க"ன்னேன்.

அதுக்கும் "ஹை!" அதுக்கும் ஒரு கும்பிடு.

"ஹை"ன்னா "ஆமா"வாம், செந்தூரு பிறகு சொன்னான். மனுசன் ரெண்டு பேருக்கும் ஆமா போட்டிருக்காரு. புருசன் பொண்டாட்டி விவகாரத்துல ரெண்டு பக்கமும் ஆமா போடுற ஆளு எங்க தாயி கிடைக்கும்? பால்கார அக்கா எல்லாம் என் பக்கம் கேட்டு அவுக பக்கம் ரெண்டு சேத்துச் சொல்ற ஆளு. எங்களுக்கு அப்படியே மடை திறந்த மாதிரி ஆயிருச்சு. அவுக "இந்த அம்மாவுக்குக் குளிருதான்னு கேளுங்க"ம்பாக, நான் "குளிருனா என்ன, கம்பளி கொண்டாந்திருக்காகளாமா"ம்பேன், "பையில இருக்குன்னு சொல்லுங்க"ம்பாக, "அப்ப எடுத்துக் குடுக்குறதுக்கு என்ன"ம்பேன். சாமுராய் "ஹை, ஹை"ன்னு இந்தப் பக்கம் ஒரு கும்பிடு, அந்தப் பக்கம் ஒரு கும்பிடு. அவுக கம்பளியை எடுத்துச் சாமுராய் கையில குடுத்தாக. அவரு முழிச்சுட்டு, ரெண்டு கையாலயும் வாங்கி என்கிட்டக் குடுத்தாரு. நாலு வருசத்துல நாங்க இம்புட்டுப் பேசுனதே இல்லை.

கோட்டை உள்ள போகணும்னா செருப்பைக் கழட்டணும். கழட்டி ஒரு பையில போட்டுக் கையிலயே கொண்டு போகணும். செருப்பைக் கழட்டச் சொன்னதும் சாமிதான் போலன்னு நான் கன்னத்துல போட்டுக்கிட்டேன். உள்ள சாமியும் இல்ல ஒண்ணும் இல்ல, பலகைத் தரை, காலை வச்சா ஐஸு. நான் பையை எடுக்குறதுக்குள்ள அவுக என் செருப்பையும் சேத்து எடுத்துத் தூக்கிக்கிட்டாக. பாத்தியா, என் செருப்பை நான் தொலைச்சிருவேனாம். அம்புட்டு நம்பிக்கை.

படியின்னா படி இல்ல தாயி, ஏணி. எதிரி மேல வந்துரக்கூடாதுன்னு அப்படிக் கட்டுனாகளாம். நான் ஏறுறேன், அவுக பின்னாலயே ஒட்டிக்கிட்டு ஏறுறாக, ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு. முன்னால போகத் தெரியாதா ஒரு ஆம்பளைக்கு? சரி, இறங்கும்போதாவது நான் முன்னால போறேன்னு பாத்தா, அப்ப மட்டும் முண்டிக்கிட்டு முன்னால இறங்குறாக. ஒவ்வொரு படிக்கும் நின்னு நின்னு, அண்ணாந்து என் காலையே பாத்துக்கிட்டு. ஏறும்போது பின்னால, இறங்கும்போது முன்னால. ஒரு முறை வேணாமா மனுசனுக்கு?

என்ன சிரிக்கிற? நான் என்ன சிரிக்கிற மாதிரியா சொன்னேன்?

மேல் மாடியில நாலு பக்கமும் ஜன்னல். சாமுராய் வெளியவே நின்னுட்டாரு, உள்ள வரல. எங்க ரெண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. கீழ ஊரு முழுக்க வெள்ளை, ஒரு ஓடு தெரியல, ஒரு ரோடு தெரியல. அவுக ஒரு ஜன்னல்ல நின்னு ரொம்ப நேரம் பாத்தாக. அப்புறம் ஜன்னல்கிட்டச் சொன்னாக, "உப்பளம் மாதிரியே இருக்கு"ன்னு.

கல்யாணமான புதுசுல அவுகளுக்குத் தூத்துக்குடியில வேலை. கரண்டு லைனு பாக்கப் போகும்போது சைக்கிள்ல என்னையும் பின்னால வச்சுக் கூட்டிட்டுப் போவாக, உப்பளத்து ஓரமா. உப்பு வெள்ளையில கண்ணு கூசும்னு அவுக தொப்பியைக் கழட்டி என் தலையில வைப்பாக. அதைத்தான் நினைச்சிருக்காக. எனக்கும் வாய் வரைக்கும் ஒரு பேச்சு வந்துச்சு. ஆனா விட்டுக் குடுக்க முடியுமா? நான் எதித்த ஜன்னலுக்குப் போய், "ஆமா, முள்ளக்காட்டு உப்பளம்"னு அந்த ஜன்னல்கிட்டச் சொன்னேன். அவுக திரும்பல. நானும் திரும்பல. ஆனா ரெண்டு பேரும் அங்கயே நின்னோம், காலு விறைச்சுப் போற வரைக்கும்.

வெளிய வந்தா வெயிலு அடிக்குது. கூரையெல்லாம் சொட்டுச் சொட்டுன்னு தண்ணி. ஒரு பக்கம் மட்டும் யாரும் போகக்கூடாதுன்னு கயிறு கட்டி, செவப்புக் கூம்பு வச்சு, படம் போட்டு எழுதி வச்சிருந்தாக. எல்லாரும் தள்ளித் தள்ளிப் போறாக. எங்க வீட்டுக்காரவுக என்ன செஞ்சாக தெரியுமா? கயித்தைத் தாண்டி உள்ள போயிட்டாக. ஏன்னா அங்க சுவத்தோரமா ஒரு கம்பி இறங்குது. இடிதாங்கிக் கம்பி. ராசா கட்டுன கோட்டைக்கு எர்த்து எப்படிக் குடுத்திருக்கான்னு பாக்கணுமாம். ரிட்டையராகி இம்புட்டு வருசமாச்சு, எங்க போனாலும் எர்த்துக் கம்பியைப் பாக்காம வர மாட்டாக. கல்யாண வீட்டுக்குப் போனாலும் முதல்ல மீட்டர் பொட்டியைத்தான் பாப்பாக.

நான் இந்தப் பக்கம் நிக்கேன். என்னமோ கரக்குன்னு சத்தம். நிமிந்து பாத்தா, அவுக தலைக்கு நேரா மேல, கூரைப் பனி ஒரு பாளமா நகருது. கொஞ்சம் நகந்துச்சு, நின்னுச்சு. மறுபடி நகந்துச்சு. அவுக கம்பியைத் தடவிப் பாத்துக்கிட்டு நிக்குறாக.

பக்கத்துல சாமுராய் நிக்குறாரு. அவரு முதுகு அந்தப் பக்கம், அவரு பாக்கல. "அண்ணாச்சி, அவுகளை அங்க இருந்து வரச் சொல்லுங்க!"ன்னேன்.

"ஹை!"ன்னு கும்பிட்டாரு.

"கும்பிடாதீங்க! மேல பாருங்க, விழப் போகுது, அவுகளைக் கூப்பிடுங்க!"

"ஹை! ஹை!" இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கும்பிட்டாரு. காலையில இருந்து நாங்க என்ன சொன்னாலும் அதைத்தானே செஞ்சாரு, பாவம், அவரு என்ன செய்வாரு?

கத்திட்டேன் தாயி. "ஏங்க!"ன்னு. அடிவயித்துல இருந்து. "ஏங்க, இங்க வாங்க!"

அவுக காதுல விழுந்துச்சு. நிமிந்தாக. நிமிந்துட்டு என்ன செஞ்சாக தெரியுமா? இந்தப் பக்கம் பாத்தாக, அந்தப் பக்கம் பாத்தாக. யாரோ ஒரு பொம்பளை தன் புருசனைக் கூப்பிடுறான்னு, அந்தப் புருசன் எங்க நிக்குறான்னு தேடுறாக. ஜப்பான்ல, அம்புட்டுப் பனிக்கு நடுவுல, தமிழ்ல "ஏங்க"ன்னு கூப்பிட வேற எவ இருக்கா? அப்பவும் மனுசனுக்குத் தன்னைத்தான்னு தோணல.

அதை நினைச்சா மட்டும் எனக்கு இப்பவும் தாங்காது. மத்ததெல்லாம் விடு.

ஓடுனேன். நாலு எட்டுக்கூட வச்சிருக்க மாட்டேன், சர்ருன்னு வழுக்கி மல்லாக்க விழுந்தேன். "ஆத்தா"ன்னு அலறுனேன் பாரு, அதுக்கு மனுசன் ஓடி வந்தாக! எர்த்தாவது கம்பியாவது, கயித்தை ஒரே தாண்டு. அந்த வயசுல அந்தத் தாண்டு. அவுக கயித்தைத் தாண்டவும் பின்னால தொம்முன்னு ஒரு சத்தம். ஒரே வெள்ளைப் புகை. அவுக நின்ன இடம் தெரியல, கம்பி தெரியல, செவப்புக் கூம்பு ஒண்ணு இருந்த தடமே இல்ல. சுத்தி நின்ன அம்புட்டு பேரும் அலறுறாக. அவுக திரும்பியே பாக்கல. நேரா என்கிட்ட வந்து பனியில மண்டி போட்டாக.

சாமுராயும் கவசம் கடகடன்னு ஆட ஓடி வந்து இந்தப் பக்கம் மண்டி போட்டாரு.

எங்க வீட்டுக்காரவுகளுக்கு மூச்சு வாங்குது, மூஞ்சி வெளுத்துப் போச்சு. என்னையப் பாக்குறாக. வாயைத் திறக்குறாக. திறந்துட்டு, சாமுராய் பக்கம் திரும்பி, "அய்யா, அவளுக்கு எங்க அடின்னு கேளுங்க"ன்னாக.

வந்துச்சு பாரு எனக்கு! எனக்குக் கோவமே வராது, ஆனா அன்னைக்கு வந்துச்சு. "அடி எனக்குத்தானய்யா பட்டிருக்கு! என்கிட்டக் கேளுங்க! அந்த மனுசனுக்கா இடுப்பு ஒடிஞ்சிருக்கு?"ன்னேன்.

அவுக என்னையவே பாத்தாக. "எங்க வலிக்குது குருவம்மா?"ன்னாக.

நாலு வருசம் கழிச்சு என் பேரு. எனக்கு வலி போன இடம் தெரியல. ஆனா சும்மா விட மாட்டேன்ல? பனியில கெடந்தபடியே கேட்டேன். "அன்னைக்கு மேடையில ஏன் என் பேரைச் சொல்லல?"

அவுக என் கம்பளியில ஒட்டியிருந்த பனியை ஒவ்வொண்ணாத் தட்டி விட்டாக. "சொல்லத்தான் வந்தேன். உன் பேரைக் கடைசியா வச்சிருந்தேன். நிமிந்து பாத்தா நீ எதுக்க நிக்குற. கையைத் தூக்குற. உன் பேரைச் சொன்னா சபையில அழுதுருவேன் போல இருந்துச்சு. பக்கத்துல அழகர்சாமி நின்னான், அவன் பேரைச் சொல்லிட்டு இறங்கிட்டேன்"னாக.

"இதை நாலு வருசமாச் சொல்றதுக்கு என்ன?"ன்னேன்.

"நீதான் பேச மாட்டேன்னுட்டியே. யாருகிட்டச் சொல்லிவிடச் சொல்ற? இதைப் போய்ப் பால்கார அக்காகிட்டச் சொல்லிவிடவா?"ன்னாக.

சாமுராய் எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, மெதுவா "ஹை"ன்னாரு. அவருக்கு என்ன விளங்குச்சோ.

அழுதீகளான்னு கேக்காத. பனி கண்ணுல விழுந்தா தண்ணி வரத்தான் செய்யும். அவுகளுக்கும் விழுந்துச்சு.

சத்தம் கேட்டு செந்தூரு அடிவாரத்துல இருந்து ஓடி வந்தான். வந்தவன் பழக்கதோசத்துல எங்க நடுவுல வந்து குத்த வச்சு, "அப்பா, அம்மா என்ன சொல்றாக?"ன்னான். "நீ தள்ளுடா"ன்னு ரெண்டு பேரும் ஒண்ணாச் சொன்னோம். அவன் அப்படியே பனியில உக்காந்துட்டான். அதுக்கப்புறம் எல்லாருமாச் சேந்து முதல்ல சாமுராயைத்தான் தூக்கி விட்டோம், கவசத்தோட மண்டி போட்டவருக்கு எந்திரிக்க முடியல.

எலும்பு ஒடியல, வீக்கம்தான்னு அங்க டாக்டரு சொன்னாரு. இங்க வந்தும் வலி விடல, அதான் மதுரையில காட்டிட்டு வாறோம். ஆனா ஒண்ணு சொல்றேன் தாயி, தப்பு இப்பவும் அவுக மேலதான். சபையில அழுதா என்ன? அழுதிருந்தா எங்க தம்பி பொண்டாட்டி வாயை அன்னைக்கே மூடியிருக்கலாம்ல? நான் அதை விடல, வாரத்துக்கு ஒரு தடவை கேட்டுருவேன்.

இப்ப எங்கயா? இந்தா, முன்னால, டிரைவருக்குப் பின் சீட்டு. ஆமா, அந்தச் சொட்டைத் தலைதான். கூடத்தான் உக்காந்திருந்தேன். மனுசன் இப்பப் பேச ஆரம்பிச்சா நிப்பாட்ட மாட்டேங்குறாக. நாலு வருசப் பேச்சையும் சேத்து வச்சிருந்திருக்காக. மாட்டுத்தாவணியில ஏறுனதுல இருந்து, அந்தக் கோட்டை எர்த்துக் கம்பி செம்பா, துத்தநாகம் பூசுன இரும்பான்னு ஒரே பேச்சு. காது வலிக்குதுன்னு சொன்னா மனசு சங்கடப்படுவாகளேன்னு, அந்த சீட்டு இடுப்புக்கு ஒத்துக்கலைன்னு சொல்லிட்டு இங்க வந்துட்டேன்.

எழுப்பாத, எழுப்பாத, கண்ணைத்தான் மூடியிருக்கேன், நான் தூங்கல. என்ன? ஆமா, முன்னால இருந்து அவுகதான் கூப்பிடுறாக. கேட்டுச்சு தாயி, எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும். நீ திரும்பிப் பாக்காத. பேசாம இரு. இன்னொரு தடவை கூப்பிடட்டும்.